135 பெயர்கள்

முதல் புத்தகம் போட வருகிறவர்களிடம் நான் கையெழுத்துப் பிரதியைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்பது ஒரு நோட்டு. அதில் 135 பேருடைய பெயர், ஊர், போன் நம்பர் இருக்க வேண்டும். எல்லாம் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று எழுதியவருக்கே நிச்சயம் உள்ள பெயர்கள். "பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் அதில் சேர்த்தியில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இது பிடிக்காது. ஒரு கவிஞர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "அண்ணாச்சி, நான் கவிதைல்லா எழுதியிருக்கேன். சீட்டுக் கம்பெனியா நடத்துதேன்?"

135 என்பது ராசி நம்பர் இல்லை. டெமி அளவில் 160 பக்கம், அதாவது 10 பாரம். எழுபது ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், கலர் அட்டை, லேமினேஷன். 300 பிரதி போட்டால் ஒன்றுக்கு 90 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, மொத்தம் 27,000. விலை 200 ரூபாய் என்று வைத்து நேர்கையில் 135 பிரதி விற்றால் போட்ட பணம் வந்துவிடும். மிச்சம் 165 பிரதி அவருடைய லாபமோ, அவர் வீட்டுக் கட்டிலின் அடியில் கிடக்கப்போகும் சொத்தோ, இரண்டில் ஒன்று. அதையே கடை வழியாக விற்றால் கதை வேறு. கடைக்காரருக்கு நாற்பது சதவீதக் கழிவு. 120 ரூபாய் கையில் வரும், அதுவும் விற்ற பிறகு. 90-ஐக் கழித்தால் மீதி 30. அதிலும் பார்சல் கூலி, திரும்பி வரும் அழுக்கான பிரதிகள். முதல் புத்தகக்காரருக்குக் கடை ஒரு கௌரவம், அவ்வளவுதான். வருமானம் நோட்டில்தான் இருக்கிறது.

எனக்கு நாசரேத் பஜாரில் ஒரு டிடிபி கடை. அப்பா காலத்தில் டிரெடில் மெஷின் ஓடியது. கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து மடல், கண்ணீர் அஞ்சலி, பில் புக். இப்போது மெஷின் இல்லை. பக்கம் கட்டி, மெய்ப்பு பார்த்து, பிடிஎஃப் ஆக்கி சிவகாசிக்கு அனுப்புகிறோம். கட்டு கட்டாக வேனில் வந்து இறங்குகிறது. அச்சடிக்கிற வேலை அப்படிக் கைவிட்டுப் போன பிறகு, புத்தகத்தை ஆட்களிடம் கொண்டு சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

இந்த ஊரில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1876-இல் எஸ்பிஜி மிஷனரியாக வந்த மர்காஷிஸ் ஐயர் 1908-இல் கண்மூடும் வரை இங்கேயேதான் இருந்தார். மேல்நிலைப்பள்ளி, ஆஸ்பத்திரி, 1878-இல் அவர் தொடங்கிய தொழிற்பள்ளி என்று ஊரே படிப்பையும் உத்தியோகத்தையும் சுற்றி வளர்ந்தது. வீட்டுக்கு ஒரு வாத்தியார், அடுத்த வீட்டில் ஒரு நர்ஸ். இருவரும் ஓய்வு பெற்றதும் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். தன் ஊர்ச் சபை வரலாறு, பிரசங்கக் குறிப்புகள், கவிதை, மருத்துவக் குறிப்பு, இப்போது நாவலும். எழுதி முடித்தவர்கள் பென்ஷன் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு என் கடைப் படியேறுவார்கள். "ஆயிரம் போட்டிரலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆயிரம் போட்டால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு குறையும் என்பது உண்மை. அட்டைப்பெட்டிகளுக்கு வீட்டில் ஓர் அறை போகும் என்பதும் உண்மை.

நோட்டு கேட்பது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே, ஆத்தூர் தாண்டி, தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்கிற என்றிக்கே என்றிக்கசு தொகுத்த 'அடியார் வரலாறு' அங்கே 1586-இல் அச்சானது. அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும் தமிழ்ப் புத்தகம். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். புத்தகம் யாருக்காகவோ அவர்களே முன்கூட்டிப் பணம் போட்டார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்னால் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் வந்திருந்தது. 16 பக்கத்திலிருந்து அறுநூறுக்குத் தாவும் துணிச்சல், வாங்குகிறவன் யார் என்று தெரிந்த பதிப்பாளருக்குத்தான் வரும்.

அடுத்தது உ.வே. சாமிநாதையர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர், அச்சகமோ சென்னையில். பெரிய மனிதர்கள், தமிழ் அறிந்தவர்கள், மடத்துத் தொடர்புள்ளவர்கள் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். இன்றைக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்று முகநூலில் போடுகிறார்களே, அதேதான். ஏடு தேடி அவர் அலைந்ததைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கையொப்பத்துக்கு அலைந்ததை யாரும் சொல்லித் தரவில்லை. பதிப்புத் தொழிலில் இருக்கிற எனக்கு இரண்டாவது அலைச்சல்தான் பெரிதாகத் தெரிகிறது.

மூன்றாவதாக ஒருவரைச் சொன்னால் நம் ஆட்கள் மௌனமாகிவிடுவார்கள். 1920-இல் கடையத்தில் இருந்தபோது பாரதியார் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போடுவதாகத் திட்டம் வகுத்தார். நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பிக் கடன் கேட்டார். மாதம் இரண்டு சதவீத வட்டி, புரோநோட்டு எழுதித் தருவதாக வாக்குறுதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் வீட்டுக்கு வீடு தன் புத்தகம் விலை போகும் என்று எழுதினார். தமிழில் அதைவிட நல்ல விற்பனைக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. பணம் வரவில்லை, திட்டம் நடக்கவில்லை, மறு வருஷம் செப்டம்பரில் அவரே போய்விட்டார். பிற்பாடு பாரதி எத்தனை லட்சம் விற்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவர் சரக்கிலும் குறையில்லை, கணிப்பிலும் குறையில்லை. 4 லட்சம் பிரதிக்கு ஆள் சேர்க்கிற நோட்டு அன்று அவர் கையில் இல்லை. அதே பாரதிக்கு 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற ஒரு மனிதர் கிடைத்தார். அரசியலில் எதிர் முகாம். ஆனாலும் பாட்டுகளைக் கேட்டதும் 15,000 பிரதி தன் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். சில பேருக்கு அப்படி ஒரு கை நீளும். அதை நம்பிப் பாரம் ஓட்ட முடியாது.

"ஜோ டி குருஸ் முதல் நாவலே எப்படிப் போச்சு பாத்தீங்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உவரிக்காரர் என்பதால் இந்தப் பக்கம் அவர் பெயரைச் சொல்லாமல் எந்த எழுத்துப் பேச்சும் முடியாது. 2004-இல் 'ஆழி சூழ் உலகு' வந்தது தமிழினி வெளியீடாக. 2013-இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய 'கொற்கை' காலச்சுவடு வெளியீடு. பதிப்பகம் என்றால் அச்சடிக்கிற இடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பல வருஷமாகச் சேர்த்து வைத்த வாசகர் நோட்டு. அவர்கள் பேர் அட்டையில் இருந்தால் எடுத்துப் பார்க்கிறவர்கள் சில நூறு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். நல்ல பதிப்பகம் ஏற்றுக்கொண்டால் என் கடைக்கு வராதீர்கள் என்றுதான் நானே சொல்வேன். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அந்த நோட்டை நாமே எழுத வேண்டும்.

நோட்டு எழுதுகிறபோதுதான் புத்தகம் யாருக்கு என்று எழுதியவருக்கே தெரிய வருகிறது. தன் கிராமத்துச் சபை வரலாற்றை எழுதி வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "சார்வாள், உங்க நோட்டு எங்க?" என்று கேட்டதும் தெருத் தெருவாக எழுத ஆரம்பித்தார். பாதி வழியில் நிறுத்திவிட்டு, "இந்தக் குடும்பத்தைப் பத்தி புத்தகத்துல ஒரு வரியும் இல்லையே, அவன் எப்படி வாங்குவான்?" என்றார். அந்தக் கேள்விதான் அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றியது. ஊருக்குள் போய்ப் பழைய ஞானஸ்நானப் பதிவுகள், கல்லறைக் கல்வெட்டுகள், பம்பாய்க்குப் போன முதல் தலைமுறை, கொழும்புக்குத் தோட்டக் கணக்குப் பார்க்கப் போனவர்கள் என்று இன்னும் ஒரு அத்தியாயம் சேர்த்தார். கடைசியில் வீட்டுப் பெயர் அகராதி ஒன்றும் போட்டோம். புத்தகத்தை வாங்கினவர்கள் முதலில் திருப்பியது அந்தப் பக்கத்தைத்தான். சொந்த வீட்டின் பெயர் எந்தப் பக்கத்தில் என்று பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கிற தம்பிக்கு இன்னொன்று வாங்கினார்கள்.

அந்தச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணிக்காய், சேவல், வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் ஏலத்துக்கு அடுக்கியிருந்தார்கள். சபைப் போதகரான ஐயரவர்களிடம் பேசி, அந்த வரிசையில் இந்தப் புத்தகத்தின் முதல் பிரதியையும் வைக்கச் சொன்னேன். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. சேவல் ஒரு விலைக்குப் போனது. புத்தகத்துக்கு ஊர்விட்டு ஊர் போய்ச் சம்பாதித்த இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டு, அட்டை விலையைப் போலப் பல மடங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் பணம் கோயிலுக்கு. ஆசிரியருக்குக் கிடைத்தது வேறு: ஏலம் முடிந்து அசன விருந்து வாசலில் போட்டிருந்த மேஜையில் அன்றைக்கு நோட்டில் இல்லாத பெயர்களெல்லாம் வந்து வாங்கின.

வெளியீட்டு விழாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்துகள் உண்டு. விழா விற்பனையின் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். முதல் புத்தகத்துக்கு அது அநேகமாக விற்பனையின் உச்சம், அதன்பிறகு சரிவுதான். ஆகவே தேதி முக்கியம். நாசரேத்தைப் பொறுத்தவரை கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் வருகிற வாரம்தான் முதல் தரம். சென்னை, பெங்களூரு, மும்பை, வளைகுடா என்று போனவர்களெல்லாம் ஊரில் இருப்பார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காத வாரம் எதுவோ அதுவே புத்தகம் விற்கிற வாரம். அடுத்தது மே மாதம், கல்யாணங்களோடு. ஜூனில் வைத்தால் பள்ளிக் கட்டணம் கட்டின கையோடு யாரும் புத்தகம் வாங்க மாட்டார்கள்.

மேடையில் பதினோரு நாற்காலி போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஆறு பேர், அப்புறம் பொன்னாடை, அப்புறம் நினைவுப் பரிசு. ஏற்புரைக்கு ஆசிரியர் எழும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஹால், மைக் செட், அழைப்பிதழ், டீ, மிக்சர், சிறப்பு விருந்தினரின் கார் என்று 15,000 போனால் அதற்கே இன்னும் 75 பிரதி விற்றாக வேண்டும். என் ஏற்பாட்டில் மூன்று பேர்தான் பேசுவார்கள். அதில் ஒருவர் கட்டாயம் புத்தகத்தை முழுக்கப் படித்தவராக இருக்க வேண்டும். மெய்ப்புப் பிரதியை ஒரு மாதம் முன்னாலேயே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். சென்னையிலிருந்து பெயர்பெற்ற எழுத்தாளரை அழைக்க ஆசைப்படுகிறார்கள். வந்தால் பெருமைதான். ஆனால் அவருக்கு வருகிற கூட்டம் அவர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். உள்ளூர்ப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மாவைக் கூப்பிட்டால், அவரிடம் அடி வாங்கினவர்கள் எல்லாம் வருவார்கள். வந்து வாங்கவும் செய்வார்கள், டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால்.

முதல் பிரதி பெற்றுக்கொள்கிறவர்கள் விஷயம் தனி. மேடைக்கு வந்து புத்தகத்தை நெஞ்சோடு வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் 2,000 ரூபாய் அங்கேயே போச்சு. "முதல் பிரதி வாங்குறவங்க கவர்ல வச்சுக் குடுக்கணும், அண்ணாச்சி. முன்னாடியே சொல்லிருதேன், தப்பா நினைக்காதீங்க" என்று போனிலேயே நான் பேசிவிடுவேன். ஆசிரியரைப் பேசவிடக் கூடாது. அவருக்குக் கூச்சம். கூச்சப்படாமல் கேட்கத்தான் எனக்குக் கூலி.

விற்பனை மேஜை டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். டீயை வாசலில் வைத்துவிட்டால் கூட்டம் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். விலை ஒரே ரூபாய் நோட்டில் முடிய வேண்டும். 180 என்றும் 225 என்றும் வைத்துவிட்டுச் சில்லறைக்கு அலைகிற மேஜையைப் பார்த்தால் எனக்குத் தலைவலி வரும். இப்போது க்யூஆர் அட்டை வந்துவிட்டதால் அந்தத் தொந்தரவு குறைந்திருக்கிறது. ஆனால் ஜிபே பண்ணுகிறவரிடமும் பெயரை நோட்டில் எழுதி வாங்க வேண்டும். அவர் இரண்டாவது புத்தகத்தின் வாசகர். முன்பதிவு விலை என்று 150 வைத்தால், அதே 27,000-க்கு 180 பெயர் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. தள்ளுபடி கொடுக்கிற வேகத்தில் இந்தக் கணக்கைப் பலர் போடுவதில்லை.

வளைகுடாவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துத் திரும்பின நர்ஸ் ஒருவர் தன் இரவுப் பணி அனுபவங்களை எழுதியிருந்தார். நோட்டு கேட்டேன். மறுநாளே கொண்டு வந்தார். முன்னூறு பெயருக்கு மேல் இருந்தது. கூடப் படித்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், வாட்ஸ்அப் குழுக்கள் மூன்று நான்கு. பாதிப் பேர் கேரளக்காரர்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அவரே கோடு போட்டு அடித்தும் வைத்திருந்தார். "வாங்குவாங்களாக்கா?" என்றேன். "நைட் டூட்டில ஒருத்திக்கு ஒருத்தி டீ போட்டுக் குடுத்தவங்கல்லா. வாங்காம?" என்றார். விழாவே வைக்கவில்லை. அட்டைப் படத்தைக் குழுவில் போட்டு, ஒவ்வொருவருக்கும் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். பொதுச் செய்தியைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுகிறவர்கள் தனிச் செய்திக்குப் பணம் அனுப்புகிறார்கள். இதை நான் அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன். இரண்டாம் அச்சும் போட்டோம், ஐம்பது ஐம்பதாக. தேவைக்கேற்ப அச்சடிக்கிற பிஓடி வந்த பிறகு அது முடிகிறது.

சீட்டுக் கம்பெனியா என்று கேட்ட கவிஞர் வேறு இடத்தில் ஆயிரம் அடித்துக்கொண்டார். இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்க்குப் பதில் புத்தகம் கொடுக்கிறார். நல்ல கவிதைகள்தான்.

தபால் ஒரு பெரிய அத்தியாயம். பதிவு புத்தக அஞ்சல் என்ற மலிவான சேவையை 2024 டிசம்பரில் திடீரென்று நிறுத்தினார்கள். தனியாகப் புத்தகம் அனுப்பி விற்கிறவர்களுக்கு அது கை ஒடிந்த மாதிரி. 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நம் 160 பக்கப் புத்தகம் 300 கிராமுக்குள் அடங்கிவிடும். உறையின் எடையையும் சேர்த்துத் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகத்தில் அச்சகத்தாரின் பெயரோ பதிப்பாளரின் பெயரோ இருந்தாக வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. பின் அட்டையில் மருமகனின் ஹார்டுவேர் கடை விளம்பரத்தைப் போட்டு அச்சுச் செலவில் கொஞ்சம் ஈடுகட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஎஸ்பிஎன் எண் டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. அதற்குக் காசு கேட்கிறவர்களிடம் ஜாக்கிரதை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். செய்கிறவர்கள் குறைவு, ஆனால் நூறு வருஷம் கழித்து யாராவது தேடினால் அங்கேதான் கிடைக்கும். நூலக ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் பெரிய ஆறுதல். கிடைக்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே கூடுதல் பிரதி அடிக்கக் கூடாது. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. இப்போது நெல்லை, தூத்துக்குடி என்று மாவட்டந்தோறும் நடக்கிறது. ஒரே ஒரு புத்தகத்துக்கு அரங்கு எடுக்க முடியாது. தெரிந்த பதிப்பகத்தின் மேஜையில் பத்துப் பிரதி வைத்துவிட்டு, கூடவே நிற்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் விற்கும். டீ குடிக்கப் போனால் விற்காது. பத்திரிகை மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பிவிட்டு மறந்துவிடுவது உடம்புக்கு நல்லது.

இந்த வருஷக் கடைசிக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை. உப்பளத்தை வைத்து நாவல் எழுதியிருக்கிறான். நான் வழக்கத்துக்கு மாறாக முதல் மூன்று அத்தியாயம் படித்துப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து மிச்சத்தையும் படித்துவிட்டேன். அதைச் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 60 பெயர். அதில் 40 பேர் போன் நம்பர் இல்லாமல், முகநூலில் பின்தொடர்கிறவர்கள்.

"இது நோட்டு இல்ல, தம்பி. உப்பளத்துல வேலை பாக்குறவங்க பேரு ஒண்ணுகூட இல்லையே?"

"அவங்க படிப்பாங்களாண்ணே?"

"அவங்க பிள்ளைக காலேஜ்ல படிக்குல்லா. போய்க் கேட்டுட்டு வா."

போன ஞாயிற்றுக்கிழமை முள்ளக்காட்டுப் பக்கம் போய்விட்டு வந்து போன் பண்ணினான். 92 ஆகியிருக்கிறதாம். இன்னும் 43 வேண்டும். ஹாலுக்கு முன்பணம் அதற்கப்புறம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.